மிதியிலிருந்து கால் எடுத்ததும் ஒரு வெடி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குத் தெற்கே பீச்ட்ரீ சிட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. 1959இல் திட்டம் போட்டு எழுப்பிய ஊர். கார் ஓடும் சாலைகளைத் தவிர, மரங்களுக்கு நடுவே 160 கிலோமீட்டர் அளவுக்கு ஒரு தனிப்பாதை ஊரைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. நடந்து போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், கோல்ஃப் வண்டியில் போகிறவர்கள் ஆகியோருக்கான பாதை அது. மளிகை வாங்குவது, பிள்ளைகளை விளையாட்டுக்குக் கூட்டிப்போவது, சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போவது எல்லாம் அந்தக் குட்டி வண்டியில்தான். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வண்டியைத் தாங்களே ஓட்டி வந்து பள்ளி வளாகத்தில் வரிசையாக நிறுத்துவது அங்கே அன்றாடக் காட்சி.

அப்படிப்பட்ட பாதையில், பைன் மரங்களுக்கு இடையே ஒரு பழைய பெட்ரோல் வண்டி இறக்கத்தில் வருகிறது. ஓட்டுகிறவர் மிதியிலிருந்து காலை எடுக்கிறார். ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்த கணம், டமார்! மரத்திலிருந்த பறவைகள் கிளம்பிவிடும். நாயைப் பிடித்துக்கொண்டு எதிரே வருகிறவர் துள்ளி ஒதுங்குவார். துப்பாக்கிச் சத்தத்துக்கு ஊரே காதைத் தீட்டும் நாடு என்பதால், அங்கே இந்த ஓசை தரும் பதற்றமும் கூடுதல்.

நம் ஊரில் பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. ‘சைலன்சர்ல வெடிக்குது’ என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், மெக்கானிக் ‘பேக்ஃபயர் அடிக்குது’ என்பார். கோல்ஃப் வண்டிக்கும் அதே பெயர்தான். ஆனால் கோல்ஃப் வண்டியில் அது வரும் விதம் வேறு. அந்த வித்தியாசம் தெரியாததால்தான் பலர் கார்பரேட்டரை மாற்றுகிறார்கள், காயிலை மாற்றுகிறார்கள், கடைசியில் இன்ஜினையே இறக்கி வைக்கிறார்கள். வெடியோ நிற்பதில்லை. பெரும்பாலான பழைய வண்டிகளில் கோளாறு இன்ஜினுக்குள் இருப்பதே இல்லை. கால் வைக்கும் மிதியிலிருந்து கார்பரேட்டர் வரை போகும் கம்பிகளிலும், நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்சிலும் இருக்கிறது.

முதலில் வண்டியைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்கர்கள் இதை ‘கேஸ்’ வண்டி என்பார்கள். சிலிண்டர் எரிவாயு என்று நினைத்துவிட வேண்டாம்; பெட்ரோலைத்தான் அவர்கள் கேஸ் என்கிறார்கள். கோல்ஃப் வண்டித் தொழிலின் தலைநகரமும் ஜார்ஜியாவில்தான் இருக்கிறது. மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கும் அகஸ்டா நகரத்தில் 1954இல் டோலன் சகோதரர்கள் இருவர் ஈ-இசட்-கோ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். டெக்சாஸில் பிறந்த கிளப் கார் 1960களின் தொடக்கத்தில் அதே அகஸ்டாவுக்கு வந்து சேர்ந்தது. யமஹாவின் கோல்ஃப் வண்டிகளும் ஜார்ஜியாவின் நியூனன் நகரத்தில்தான் தயாராகின்றன. மோட்டார் சைக்கிளுக்குப் பேர்போன ஹார்லி-டேவிட்சன்கூட 1963 முதல் 1980களின் தொடக்கம் வரை கோல்ஃப் வண்டி செய்து விற்றது.

கோல்ஃப் மைதானங்கள் இந்த வண்டிகளைச் சில ஆண்டுகள் வாடகைக்கு ஓட்டிவிட்டுக் கழித்துவிடும். கழித்த வண்டியைக் குடும்பங்கள் மலிவாக வாங்கிக்கொள்ளும். அலுமினியச் சட்டத்தில் செய்த கிளப் கார் வண்டிக்குத் துருப்பிடிக்கும் கவலை குறைவு. அதனால் 1990களில் செய்த டிஎஸ் மாடல் வண்டிகள் இன்றைக்கும் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1992 வாக்கிலிருந்து அவற்றில் வந்த இன்ஜின் கவாசாகியின் எஃப்இ290. ஒற்றை சிலிண்டர், 286 சிசி, காற்றால் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். இந்தக் கட்டுரைக்கு அந்த வண்டியையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

காருக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சிக்னலில் நிற்கும் காரின் இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும். கோல்ஃப் வண்டி நின்றால் இன்ஜினும் நின்றுவிடும். பந்தை அடிக்க ஒருவர் குறி பார்க்கும்போது பக்கத்தில் இன்ஜின் ஓசை இருக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. மிதியை அழுத்த ஆரம்பித்ததுமே ஒரு சின்ன ஸ்விட்ச் ‘டிக்’ என்று விழும். பேட்டரி மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போகும். ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அது பெல்ட் வழியாக இன்ஜினைச் சுழற்றும். அதே நேரத்தில் பிளக்கில் பொறி வரத் தொடங்கும். மிதியை இன்னும் அழுத்தினால் கம்பி இழுபட்டு, கார்பரேட்டரில் காற்றின் வழியை மூடியிருக்கும் திராட்டில் தகடு திறக்கும். வண்டி நகரும்.

காலை எடுக்கும்போது எல்லாம் தலைகீழாக நடக்க வேண்டும். முதலில் திராட்டில் முழுதாக மூட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்விட்ச் விழுந்து பொறியை நிறுத்த வேண்டும்.

இந்த வரிசை தவறுவதுதான் வெடிக்குக் காரணம். கம்பி நீண்டோ, ஸ்பிரிங் தளர்ந்தோ, மூட்டுகளில் தேய்மானம் வந்தோ, திராட்டில் இன்னும் பாதி திறந்திருக்கும்போதே ஸ்விட்ச் பொறியை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? பொறி நின்றாலும் இன்ஜின் உடனே நின்றுவிடாது. நிமிஷத்துக்கு 2,400 சுற்று ஓடிக்கொண்டிருந்த நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், விநாடிக்கு 20 தடவை மூச்சை உள்ளிழுக்கிறது. ஓய்ந்து நிற்க ஒரு விநாடி எடுத்துக்கொண்டாலும் பத்து மூச்சாவது இழுத்துவிடும். ஒவ்வொரு மூச்சிலும் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போகிறது. எரிக்கப் பொறி இல்லை. எரியாத கலவை அப்படியே சைலன்சருக்குள் போய்ச் சேர்கிறது. அங்கே இரும்பு பல நூறு டிகிரி சூட்டில் இருக்கிறது. சூடான ஒரு தகடோ கனலும் கரித்துணுக்கோ போதும். சேர்ந்து நின்ற கலவை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. வெளியே கேட்பது அந்த வெடி.

இறக்கத்தில் இது இன்னும் மோசம். வேகத்துக்கு ஏற்ப மாற்றும் கியர் இந்த வண்டியில் இல்லை. நம் கியரில்லா ஸ்கூட்டர்களில் இருப்பதுபோல இரண்டு புல்லிகளும் அவற்றை இணைக்கும் ஒரு பெல்ட்டும்தான் வேகத்தை மாற்றுகின்றன. வேகமாக ஓடும்போது பெல்ட் இறுகப் பிடித்திருக்கும். காலை எடுத்தாலும் சக்கரங்கள் அந்த பெல்ட் வழியாக இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஒரு விநாடியில் நிற்க வேண்டிய இன்ஜின், இறக்கம் முடியும்வரை பெட்ரோல் கலவையை இழுத்து சைலன்சருக்குள் தள்ளிக்கொண்டே போகிறது. கீழே வந்ததும் ஓட்டுகிறவர் மறுபடி மிதிக்கிறார். பொறி திரும்புகிறது. முதல் வெடிப்பிலிருந்து வரும் தீக்கொழுந்து சைலன்சரில் காத்திருக்கும் கலவையைத் தொடுகிறது. பழைய வண்டியின் சைலன்சர்த் தையல்கள் பிளப்பது பெரும்பாலும் இந்த வெடியில்தான்.

அதனால் கையில் ஸ்பானர் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எப்போது வெடிக்கிறது? காலை எடுத்ததும் வெடித்தால் மிதியும் கம்பியும் ஸ்விட்சும்தான் முதல் சந்தேகம். ஓடிக்கொண்டிருக்கும்போதே விட்டுவிட்டு வெடித்தால், பொறி நடுவில் அறுந்து அறுந்து வருகிறது என்று பொருள். மிதித்த உடனே கார்பரேட்டர் பக்கம் ‘புஸ்’ஸென்று இருமினால், கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கிறது, இல்லை இன்டேக் வால்வு சரியாக மூடவில்லை. பின்னால் சைலன்சரில் வெடிப்பதும் முன்னால் கார்பரேட்டரில் வெடிப்பதும் வேறுவேறு நோய்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் வைத்தியமும் குழம்பிப்போகிறது.

மிதியைச் சோதிக்க இரண்டு பேர் இருந்தால் நல்லது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பின் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் மிதியைத் தொட்டதும் இன்ஜின் ஓட ஆரம்பித்துவிடும். சீட்டைத் தூக்கினால் கீழே இன்ஜின் தெரியும்.

இனி வேலை காதுக்கும் கண்ணுக்கும். ஒருவர் மிதியைக் கையால் மெல்ல, நகத்தளவு நகத்தளவாக அழுத்த வேண்டும். இன்னொருவர் கார்பரேட்டரில் தகட்டைத் திருப்பும் ‘திராட்டில் கை’யைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தியதும் ‘டிக்’ என்று ஸ்விட்ச் விழ வேண்டும். அந்தக் கணத்தில் திராட்டில் கை அசையக் கூடாது. இன்னும் கொஞ்சம் அழுத்திய பிறகுதான் அது நகர ஆரம்பிக்க வேண்டும். பிறகு மிதியை அதே நிதானத்தில் விட வேண்டும். இப்போது திராட்டில் கை தன் நிறுத்தத் திருகாணியில் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகே ‘டிக்’ கேட்க வேண்டும். திராட்டில் இன்னும் அந்தரத்தில் இருக்கும்போதே ‘டிக்’ கேட்டுவிட்டால் திருடன் அகப்பட்டுவிட்டான். கம்பியின் நுனியிலிருக்கும் நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, மறுபடி அழுத்திப் பார்த்து, மறுபடி திருக வேண்டும். செலவு ஒன்றுமில்லை. பொறுமை மட்டும் வேண்டும்.

கம்பி சரியாக இருந்தும் திராட்டில் சோம்பலாகத் திரும்பினால், உறைக்குள் போகும் கேபிளைப் பார்க்க வேண்டும். பத்து இருபது வருஷம் மழையும் மண்ணும் பார்த்த கேபிளுக்குள் துரு பிடித்திருக்கும். எண்ணெய் விட்டால் சில நாள் ஓடும். புதிது மாற்றுவதே நிரந்தரம். திரும்பி இழுக்கும் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். திராட்டிலின் நிறுத்தத் திருகாணியை யாராவது முன்பு அதிகமாக உள்ளே திருகியிருந்தாலும் தகடு முழுதாக மூடாது. ஒரு வண்டி பல கை மாறியிருந்தால் ஒவ்வொரு கையும் அந்தத் திருகாணியைத் தொட்டிருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அந்த ஸ்விட்ச். விரல்நுனி அளவுதான் இருக்கும், விலையும் குறைவு. ஆனால் வண்டியின் உயிர் அதன் வழியாகப் போகிறது. பல வண்டிகளில் பொறியை உண்டாக்கும் காயிலிலிருந்து வரும் ஒரு ஒயரை எர்த்தில் தொடவைத்துத்தான் பொறியை நிறுத்துகிறார்கள். காலை எடுத்ததும் ஸ்விட்ச் அந்த இணைப்பைக் கொடுக்கும். ஸ்விட்சின் உள்ளே கரி பிடித்துவிட்டாலோ, அந்த ஒயரின் உறை உரிந்து சட்டத்தில் எங்காவது உரசினாலோ, மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் பொறி ஒரு கணம் அணைந்து மறுகணம் வரும். அணைந்த கணத்தில் கலவை பின்னால் போகும். வந்த கணத்தில் வெடிக்கும். ஓடும்போதே ‘பட் பட்’டென்று வெடிக்கும் வண்டிகளில் இதை முதலில் பார்ப்பது நல்லது. எர்த் ஒயர்கள் சட்டத்தோடு சேருமிடத்தில் பச்சை பூத்திருந்தால் கழற்றித் தேய்த்து மாட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

சைலன்சருக்குள் பெட்ரோல் ஆவி மட்டும் இருந்தால் வெடிக்காது. காற்றில் பெட்ரோல் ஆவியின் அளவு சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதத்துக்குள் இருந்தால்தான் தீப்பற்றும். அதைவிடக் குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. எனவே காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதும் முக்கியம். இன்ஜினும் சைலன்சரும் சேருமிடத்தில் ஒரு கேஸ்கெட் இருக்கும். அது எரிந்து போயிருந்தால், ஒவ்வொரு புகைத்துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று அந்த ஓட்டை வழியே உள்ளே இழுபடும். கேஸ்கெட்டைச் சுற்றிக் கறுப்பாகக் கரி தெறித்திருந்தால் அதுவே அடையாளம். போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் முறுக்கிவிடலாம். ஆனால் எரிந்த கேஸ்கெட்டை முறுக்கி எந்தப் பயனுமில்லை.

இவ்வளவும் சரி, வெடி மட்டும் போகவில்லை என்றால் இப்போது கார்பரேட்டரைத் தொடலாம். ஒரு பங்கு பெட்ரோல் ஒழுங்காக எரிய அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். பெட்ரோல் குறைந்த கலவை சிலிண்டருக்குள் மெதுவாக எரிகிறது, சில சமயம் பற்றாமலே பின்னால் போய்விடுகிறது. பெட்ரோல் அதிகமான கலவையோ முழுதாக எரிய முடியாமல் மிச்சத்தைச் சைலன்சருக்கு அனுப்புகிறது. வெடி என்னவோ இரண்டிலும் ஒன்றுதான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். நுனி வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. காய்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகை. தேன்நிறத்தில், பழுப்பாக இருந்தால் கலவையில் குறையில்லை. வேறிடம் பார்க்க வேண்டும்.

பழைய வண்டிகளில் பெட்ரோல் குறைவே அதிகம் காணும் குறை. அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பகுதி 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. கோல்ஃப் வண்டியைக் குளிர்காலத்தில் மூன்று நான்கு மாதம் கொட்டகையில் நிறுத்திவிடுவார்கள். கார்பரேட்டர்க் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக மாறும். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும். இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் அறிமுகமானபின், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பேசிக்கொள்வதும் இதைத்தான்.

பிசினால் முதலில் அடைபடுவது பைலட் ஜெட். மிதியை லேசாக அழுத்தும்போதும், விடும்போதும் பெட்ரோலைத் தருவது அதுதான். பித்தளையில் செய்த, அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய சின்ன உருளை. நடுவில் ஊசி குத்தினாற்போல் ஒரு துளை. கழற்றி, கண்ணருகே தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அந்தத் துளை ஒரு நட்சத்திரம்போல வட்டமாக மின்ன வேண்டும். அடைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. பாதி அடைத்திருந்தால் வெளிச்சம் பிறைபோல ஒரு பக்கமாகத் தெரியும். அந்தப் பிறைதான் ஏமாற்றும். வெளிச்சம் தெரிகிறதே என்று திரும்ப மாட்டிவிடுவார்கள். கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பழைய மின்ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பிழையை உருவி, அதைத் துளைக்குள் மெல்ல விட்டு எடுக்க வேண்டும். செம்பு பித்தளையைக் கீறாது. ஊசியையோ இரும்புக் கம்பியையோ விட்டால் துளை பெரிதாகிவிடும். பிறகு பெட்ரோல் மிகையாகி, வேறு காரணத்தால் அதே வெடி வரும். கடைசியில் காற்றழுத்தம் கொடுத்து ஊதி, மறுபடி ஜன்னலுக்கு நேரே பிடித்து வட்டம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கார்பரேட்டருக்கு முன்னால் பெட்ரோல் பம்ப் இருக்கிறது. இந்த வண்டியில் அதற்கு மின்சாரம் தேவையில்லை. பிஸ்டன் ஏறி இறங்குவதால் இன்ஜினின் அடிவயிற்றில் உண்டாகும் அழுத்தத் துடிப்பு, ஒரு சின்ன ரப்பர்க் குழாய் வழியே வந்து பம்பிலுள்ள சவ்வை அசைக்கும். குழாயில் வெடிப்பு விழுந்தால் துடிப்பு பலவீனமாகும், பெட்ரோல் போதாது. சவ்வே கிழிந்துவிட்டால் பெட்ரோல் அந்தக் குழாய் வழியாக இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும். ஆயில் குச்சியை உருவிப் பார்த்து முகர்ந்தால் தெரிந்துவிடும். ஆயில் அளவு கூடியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், பம்பை மாற்றி ஆயிலையும் மாற்றும்வரை வண்டியை ஓட்டக் கூடாது.

பெட்ரோல் மிகைக்குக் காரணம் பெரும்பாலும் மூச்சடைப்பு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லை சோக் தகடு பாதியில் சிக்கியிருக்கும். குளிர்காலம் முழுவதும் நின்ற வண்டியில் காற்றுப்பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருப்பதும் சாதாரணம். சீட் பஞ்சு, காய்ந்த இலை எல்லாம் சேர்த்து மெத்தையே போட்டிருக்கும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். கார்பரேட்டர் பக்கம் வெடிக்கும் வண்டியில், வெளியே பாயும் தீயைத் தடுத்து நிற்பது அந்த ஃபில்டர் பெட்டிதான்.

இன்ஜினுக்குள் போக வேண்டிய நிலை அபூர்வமாகத்தான் வரும். வந்தால் டேப்பெட் இடைவெளியை முதலில் பார்க்க வேண்டும். இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு, வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் சுமார் 0.10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் இறுகிப்போனால் சூட்டில் வால்வு மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு மூடாவிட்டால் எரிந்துகொண்டிருக்கும் கலவையே பின்னால் ஒழுகும். இன்டேக் வால்வு மூடாவிட்டால் கார்பரேட்டர் இருமும்.

இன்னொன்று, ஃப்ளைவீலின் சாவி. ஃப்ளைவீலையும் கிராங்க் ஷாஃப்டையும் ஒரே நிலையில் பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டு அது. ஃப்ளைவீல் நட் தளர்ந்து, அந்தத் துண்டு பாதி அறுபட்டால் ஃப்ளைவீல் ஒரு மயிரிழை நகரும். பொறி வரும் நேரம் பிசகும். ஸ்டார்ட் செய்யும்போதே வெடித்து, ஓடினாலும் இழுவை இல்லாமல் முக்கும் வண்டியில் இதைச் சந்தேகிக்கலாம்.

கோளாறே இல்லாத வெடியும் ஒன்று உண்டு. ரிவர்ஸில் வேகமாகப் போகக்கூடாது என்பதற்காகச் சில மாடல்களில் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பின்னால் போகும்போது இன்ஜின் சுற்று ஓர் அளவைத் தாண்டினால் பொறியை நடுநடுவே வெட்டிவிடும். வெட்டிய பொறிக்குரிய கலவை சைலன்சரில் போய் ‘பட் பட்’டென்று வெடிக்கும். புதிதாக வாங்கியவர்கள் ரிவர்ஸ் எடுத்ததும் பதறிப்போய்க் கடைக்குக் கொண்டுவருவார்கள். மிதியை லேசாக அழுத்தினால் சத்தம் போய்விடும். முன்னால் போகும்போதும் இதுபோல வெடித்தால் மட்டும் கவனிக்க வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை யாரோ அதிக வேகத்துக்காகத் தளர்த்தியிருக்கலாம். இன்ஜின் அளவுமீறிச் சுற்றும்போது பாதுகாப்புக் கருவி பொறியை வெட்டுகிறது. அந்தக் கருவியின் ஒயரை அறுத்துவிட்டு ஓட்டுவதைச் சிலர் வைத்தியமாகச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் வெடி நின்றுவிடும், ஒருநாள் கனெக்டிங் ராடும் முறிந்துவிடும்.

ரிவர்ஸ் என்றதும் ஹார்லி வண்டி நினைவுக்கு வராமல் இருக்காது. அந்த இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் ரிவர்ஸ் கியரே கிடையாது. பின்னால் போக வேண்டுமென்றால், இன்ஜினை நிறுத்தி, ஸ்டார்ட்டரை எதிர்த்திசையில் சுழலவிட்டு, இன்ஜினையே தலைகீழாக ஓடவைப்பார்கள். வால்வு இல்லாத இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எந்தத் திசையும் சம்மதம்தான். ஆனால் பொறி இரண்டு திசைக்கும் சரியான நேரத்தில் வர வேண்டும். அதனால் அதற்குப் பொறி நேரமும் இரண்டு வகை. முன்னால் நன்றாக ஓடி, பின்னால் மட்டும் வெடிக்கும் ஹார்லியில், ரிவர்ஸுக்கான பொறி நேரம் பிசகியிருக்கிறதா என்றுதான் பழகியவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

புல்வெட்டும் டிராக்டர்களில் இந்த வெடிக்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள். கார்பரேட்டர்க் கிண்ணத்தின் அடியில் ஒரு மின்காந்த ஊசி இருக்கும். சாவியைத் திருப்பி அணைத்ததும் அது மேலேறி ஜெட்டை அடைத்துவிடும். பெட்ரோலே வராதபோது வெடிக்க எதுவுமில்லை. புதிய பெட்ரோல் கோல்ஃப் வண்டிகள் பலவற்றில் கார்பரேட்டரே இல்லை. கணினி அளந்து பெட்ரோலைத் தெளிக்கிறது, காலை எடுத்ததும் தெளிப்பை நிறுத்திவிடுகிறது. லித்தியம் பேட்டரி வண்டிகளும் பெருகிவிட்டன. ஆனாலும் பழைய வண்டியை வைத்திருப்பவர்கள் அதை எளிதில் விடுவதில்லை. சீட்டைத் தூக்கினால் இன்ஜின் முழுவதும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, நாலு ஸ்பானரில் எல்லாம் கைக்கு எட்டுகிறது, கேஸ்கெட் முதல் கார்பரேட்டர் வரை உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. இந்த வண்டிகளைக் காப்பாற்றிவைப்பது வீண்வேலை அல்ல. ஒரு சராசரி மனிதன் முழுதாகப் புரிந்துகொண்டு தன் கையால் சரிசெய்யக்கூடிய வாகனங்கள் இனி அதிகம் மிச்சமில்லை.

வெடி பல மாதம் தொடர்ந்திருந்தால் சைலன்சரையும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே கலகலவென்று ஆடினால் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது. தையல் பிளந்திருந்தால் அங்கிருந்தும் காற்று உள்ளே போகும். மிதியைச் சரிசெய்த பிறகும் மெலிதாகப் பொரியும் சத்தம் தொடர்வதற்கு இதுவும் காரணம்.

எல்லாம் முடித்து, பேட்டரி ஒயரை மாட்டி, சக்கரங்களைத் தரையில் இறக்கியதும் சோதனை ஓட்டம். சமதரையில் சும்மா ஓட்டிப் பார்ப்பது போதாது. இன்ஜின் நன்றாகச் சூடேற வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷமாவது ஓட்ட வேண்டும். பிறகு எந்த இறக்கத்தில் வெடித்ததோ அதே இறக்கத்துக்குப் போக வேண்டும். உச்சியிலிருந்து முழுவேகத்தில் இறங்கி, நடுவழியில் காலை எடுக்க வேண்டும். பெல்ட் முனகும், டயர் சரசரக்கும், மிதிக்குக் கீழே ‘டிக்’ என்று ஸ்விட்ச் விழும். அடிவாரத்தில் மறுபடி மிதிக்கும்போதும் பின்னால் ஒன்றும் கேட்கவில்லையென்றால், கம்பியின் நுனியிலிருக்கும் அந்த நட்டை இறுக்கிவிட்டு சீட்டை மூடலாம்.